பாடசாலை விண்வெளி மன்றம்: முதல் தொலைகாட்டி 114 மி.மீ. ஆடியா, 150-ஆ? வருட நிகழ்ச்சிகளும் சேர்த்து

கடலோரம்:

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பாடசாலையின் விண்வெளி மன்றத்துக்காகக் கேட்கிறேன். அங்கத்தவர் 38 பேர், தரம் 8 முதல் 12 வரை. மரவேலை அறை, கைத் துளைகருவி, ஜிக்சோ வாள் உண்டு. கடைசல் இயந்திரம் இல்லை. ஒரு தெறிப்புத் தொலைகாட்டியை நாங்களே செய்ய வேண்டும்.

கேள்விகள்: ஆடியை (ஒளியைக் குவிக்கும் வளைந்த கண்ணாடியை) நாமே அரைப்பதா, வாங்குவதா? விட்டம் எவ்வளவு? மழை மாதங்களில் மன்றத்தை எதை வைத்து நடத்துவது? இன்னொன்று, விடுமுறை என்பதால் இரவு நிகழ்ச்சிகளைப் பூரணை நாளான போயா தினங்களில் வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். சரிவருமா?

நாள்மீன்:

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன், தம்பி. போயா வேண்டாம். மாதத்தில் வானம் பார்க்க ஆகவே ஆகாத இரவு அதுதான். பூரணைச் சந்திரனில் சூரிய ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இராது. வெள்ளைத் தட்டு ஒன்றைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் திரும்பிவிடுவார்கள். அந்த ஒளியில் மங்கலான பொருள்களும் மறைந்துவிடும். போதாக்குறைக்கு, இருட்டும் நேரத்தில் சந்திரன் கிழக்கு அடிவானத்தில் கட்டடங்களுக்குப் பின்னால் நிற்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். வளர்பிறை சஷ்டி முதல் தசமி வரை விழும் வெள்ளி, சனிக்கிழமைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் சூரியன் மறையும்போதே சந்திரன் உயரத்தில் நிற்கும். ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டி மலைகளின் நிழல் நீளமாக விழும். சிறிய தொலைகாட்டியிலும் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் காட்சி அது.

கொழும்பு வட அகலாங்கு 6.9 பாகையில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. சூரியன் மறையும் நேரம் வருடம் முழுவதும் ஏறக்குறைய 5.50-க்கும் 6.30-க்கும் இடையில்தான். அந்தியும் சட்டென்று இருண்டுவிடும். 6.45-க்குத் தொடங்கி 8.30-க்கு முடித்தால் பெற்றோரும் மறுக்கமாட்டார்கள். பாதுகாப்பு விளக்குகளை அணைக்கக் காவலாளியிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். அன்றிரவு சொன்னால் சாவி வேறொருவரிடம் இருக்கும்.

குழிவாடி:

முதல் தொலைகாட்டிக்கு 114 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத்தூரம் உள்ள, அலுமினியம் பூசிய ஆடியை வாங்கி, மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்யுங்கள். காரணம் சொல்கிறேன்.

கோள வடிவ ஆடி விளிம்புக் கதிர்களையும் மையக் கதிர்களையும் ஒரே புள்ளியில் குவிக்காது. அதற்குத்தான் பரவளைவு வேண்டும். ஆனால் குவியத்தூரம் போதிய அளவு நீளமானால் இரண்டுக்குமான வித்தியாசம் ஒளி அலைநீளத்தின் காற்பங்குக்குள் அடங்கிவிடும். பழைய கணக்கு ஒன்று உண்டு: அங்குலத்தில், குவியத்தூரத்தின் மும்மடி விட்டத்தின் நான்காம் அடுக்கை 88.6 ஆல் பெருக்கியதைவிடக் குறையக்கூடாது. 4.5 அங்குல ஆடிக்கு இது 33 அங்குலம், அதாவது 841 மி.மீ. எனவே 114/900 கோளமாகவே நன்றாக வேலை செய்யும். 6 அங்குலத்துக்கு 48.6 அங்குலம், அதாவது 1234 மி.மீ. வேண்டும். 150/1200 கோள ஆடி அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே விழுகிறது. 150 வாங்கினால் பரவளைவு என்று உறுதி சொல்பவரிடம் வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. “114/1000” என்று எழுதி, குழாய் அரை மீற்றர் மட்டுமே இருக்கும் மலிவுத் தொலைகாட்டிகள் சந்தையில் உண்டு. பேர்ட்-ஜோன்ஸ் என்ற வகை. பிரதான ஆடியின் குவியத்தூரம் குறைவு, அதை நீட்டுவதற்கு ஒரு வில்லை, கண் வைத்துப் பார்க்கும் பார்வைத்துண்டை முன்பின் நகர்த்தும் குவியப்படுத்தியின் குழாய்க்குள் ஒளிந்திருக்கும். பழையதாகக் கிடைக்கிறதே என்று அதன் ஆடியை மட்டும் கழற்றிப் புதுக்குழாயில் போட்டால் படம் கூர்மையாக வரவே வராது. நேர்ப்படுத்தல் பிழை என்று நினைத்துத் திருகாணிகளோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டுவீர்கள்.

பெரிசுதான்வேணும்:

114 எல்லாம் விளையாட்டுச் சாமான். ஒருதரம் செய்யிறது, 8 அங்குலமாச் செய்யுங்கோ. ஒளி மூன்று மடங்கு.

குழிவாடி:

மூன்று மடங்கு ஒளி என்பது சரி. ஆனால் எடை? 160 மி.மீ. பீவீசீ குழாய் சுவர்த் தடிப்பைப் பொறுத்து மீற்றருக்கு 3 கிலோ அளவில் வரும். 8 அங்குல ஆடிக்கு 225-ஐ விடப் பெரிய குழாய் வேண்டும். 225-ஐயே 1.2 மீற்றர் வெட்டினால் வெறுங்குழாய் மட்டும் 8 கிலோவுக்குக் கிட்ட. இரண்டாம் மாடி ஆய்வுகூடத்திலிருந்து மைதானத்துக்குத் தரம் 9 பிள்ளைகள் இருவர் தூக்கி வரக்கூடிய கருவிதான் மாதாமாதம் வெளியே வரும். மற்றது அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று போகும்.

கொழும்பு வானத்தில் மன்றம் பார்க்கப்போவது சந்திரன், வியாழனின் 2 பட்டைகளும் 4 சந்திரன்களும், சனியின் வளையம், வெள்ளியின் பிறை, ஒரியன் முகில், சில இரட்டை விண்மீன்கள். இவை அனைத்துக்கும் 114 போதும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் பக்கவாட்டாகத் திரும்பிற்று. இப்போது மெல்ல விரிந்துவருகிறது. அது ஒல்லியாகத் தெரிவதற்கு ஆடியைக் குறைசொல்ல வேண்டாம்.

மொறட்டுவைத் தச்சு:

தாங்கிக்கு வருவம். டொப்சோனியன் பெட்டி, எண்டால் கையால சுத்தி, ஏத்தி இறக்கிற மரப்பெட்டித் தாங்கி, செய்யுங்கோ. மத்தியகோட்டுத் தாங்கி வாங்க வேண்டாம். அதின்ர அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேணும். கொழும்பில அது அடிவானத்துக்கு மேல 7 பாகைதான். கனக்கத் தாங்கிகள் அந்தளவுக்குச் சரியாது. சரிஞ்சாலும் எதிர்ப்பாரக் கம்பி முக்காலிக் காலில முட்டும்.

12 மி.மீ. பிளைவூட் எடுங்கோ. எம்.டி.எஃப். வேண்டாம், எங்கட ஈரக்காத்துக்கு ஒரு மழைக்காலத்தில விளிம்பு ஊதிப்போகும். பிளைவூட்டிலயும் வெட்டின விளிம்புக்கு வார்னிஷ் 2 தரம் அடிக்க வேணும்.

நிலப்பலகை 400 மி.மீ. வட்டம், அடியில 3 கால். அதுக்கு மேல சுழல்ற பெட்டி: ஒரு அடிப்பலகை, 2 பக்கப்பலகை, முன்னுக்கு ஒரு குறுக்குப்பலகை. குறுக்குப்பலகையை விட்டால் பக்கங்கள் ஆடும். நிலப்பலகையில 3 டெஃப்லோன் துண்டு, ஒவ்வொண்டும் 20 × 20 × 3 மி.மீ. இவை நேரா அந்த 3 காலுக்கு மேல வரவேணும். தள்ளி வைச்சால் பலகை வளையும், சுத்தேக்க விக்கும். பெட்டியின்ர அடியில ஃபோமைக்கா தகடு, பளபளப்பானது வேண்டாம், சின்னச் சொரசொரப்பு உள்ளதே நல்லது. பழைய எல்.பி. இசைத்தட்டு கிடைச்சால் அதுவும் வேலை செய்யும். நடுவில 10 மி.மீ. போல்ட், நைலோன் உள்ள நட். இறுக்கிப் பூட்டாதேங்கோ, அச்சு விலகாமல் இருந்தால் போதும்.

ஏத்த இறக்கத்துக்கு 110 மி.மீ. குழாய் மூடி 2. குழாயைப் பிடிக்கிற மரச்சட்டத்தின்ர ரெண்டு பக்கமும் ஒரே நேரில பூட்டுங்கோ. அது இருக்கிற பள்ளத்தில 2 டெஃப்லோன் துண்டு, நிலைக்குத்தில இருந்து ரெண்டு பக்கமும் 30–35 பாகையில. கிட்டக்கிட்ட வைச்சால் குழாய் பக்கவாட்டில ஆடும். தூர வைச்சால் ஆப்பு மாதிரி இறுகும்.

சமநிலை: ஆடி, துணையாடி (ஒளியைப் பக்கத்துக்குத் திருப்பிற சின்ன ஆடி), தேடுகுழாய், பார்வைத்துண்டு எல்லாம் பூட்டின பிறகுதான் பாக்க வேணும். தும்புத்தடி ஒண்டைக் குறுக்க வைச்சு அதின்ர மேல குழாயை உருட்டினால் புள்ளி தெரியும். வெறுங்குழாயில சமநிலை பாத்து மூடியைப் பூட்டிப்போட்டு, பிறகு வாய் கீழ விழுகுது எண்டு கேக்கிற ஆக்கள் கனபேர்.

திருகாணி எல்லாம் துருவேறா உருக்கு. கடற்கரைப் பாடசாலை எண்டு சொல்லுறீங்கள்.

சாமான் எங்க எண்டால்: போல்ட், நட், ஸ்பிரிங், டெஃப்லோன் தகடு புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில தேடுங்கோ. பொருத்தமான ஸ்பிரிங் கிடைக்காட்டிப் பஞ்சிகாவத்தைக்குப் போனால் பழைய வாகன உதிரியில ஏதாவது தட்டுப்படும். அளவுகோலையும் ஆடித்தாங்கியையும் கையில கொண்டு போங்கோ, “இவ்வளவு தடிப்பு” எண்டு விரலில காட்டி வாங்காதேங்கோ.

நாள்மீன்:

தச்சு சொன்னதோடு ஒன்று. டொப்சோனியன் உச்சிக்கு நேரே பார்க்கும்போது பக்கவாட்டில் திருப்புவது கடினம். பெட்டி சுற்றும், குழாய் நகராது. நமக்குக் கோள்களும் சந்திரனும் உச்சியை ஒட்டித்தான் போகும். ஆகையால் பொருளை உச்சிக்கு வருமுன் பார்த்து முடிக்கும்படி ஒழுங்குசெய்யுங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் ஒரியன் இரவு 8 மணி போல் தலைக்கு மேலே ஏறிவிடும். அதை 7 மணிக்கே பார்த்துவிடுங்கள்.

வரிசைக் கணக்கும் முக்கியம். ஒருவருக்கு 40 செக்கன் என்றால் 100 பேருக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் மேல். 25 மி.மீ. பார்வைத்துண்டு 114/900-இல் 36 மடங்கு காட்டும், பொருள் புலத்தைக் கடக்க 5 நிமிடத்துக்கு மேல் எடுக்கும். 6 மி.மீ. போட்டால் 150 மடங்கு, ஆனால் 80 செக்கனில் பொருள் வெளியே போய்விடும். இரண்டு பேர் பார்ப்பதற்குள் மறுபடி தேடவேண்டி வரும். பொது நிகழ்ச்சிக்கு 25, மன்ற அங்கத்தவருக்கு மட்டும் 10.

கடலோரம்:

நன்றி அக்கா, அண்ணாமார். போயாவைக் கைவிட்டாயிற்று. உயர்தரப் பிள்ளைகள் சிலர் ஆடி அரைத்தே தீருவோம் என்று நிற்கிறார்கள். முற்றாக மறுக்க மனமில்லை. கொழும்பில் எந்தளவு சாத்தியம்?

குழிவாடி:

மறுக்காதீர்கள். ஆனால் அதை இரண்டாவது வேலையாக வையுங்கள். முதல் தொலைகாட்டி அதை நம்பிக் காத்திருக்கக்கூடாது. அரைத்த ஆடி பாதியில் நிற்க, பரீட்சைத் திகதி மாறி, அரைத்தவர்கள் பாடசாலையை விட்டே போய்விட்டால் அடுத்த தொகுதி வாளிக்குள் கிடக்கும் கண்ணாடியைப் பார்த்து என்ன செய்யும்?

150 மி.மீ. விட்டம், குறைந்தது 19 மி.மீ. தடிப்பு, தட்டைக் கண்ணாடி. குவியத்தூரத்தை 1250 என்று வைத்தால் மேற்சொன்ன கணக்கின்படி கோளமே போதும், பரவளைவாக்கும் தலையிடி இல்லை. மையத்தில் தோண்ட வேண்டிய ஆழம் 1.12 மி.மீ. மட்டும். உருக்கு அளவுகோலை ஆடிக்குக் குறுக்கே வைத்து, 1.1 மி.மீ. துளையூசியின் தண்டு மையத்தில் அதன் கீழே நுழைகிறதா என்று பார்த்தால் போதிய அளவு தெரியும்.

அரைக்கும் தட்டை பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் வார்த்து, மேலே சிறு சதுரச் செரமிக் ஓடுகளை எப்பொக்சியால் ஒட்டுங்கள். பிளாஸ்டர் நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ் பூசாவிட்டால் தண்ணீர் குடித்து உதிரும். ஓடுகளின் சந்தி ஒன்று சரியாக மையத்தில் விழக்கூடாது. விழுந்தால் ஆடியின் நடுவில் மேடு அல்லது குழி வரும்.

சிலிக்கன் காபைட் அரைதூளில் 80-ஆம் இலக்கத்தில் தொடங்கி 120, 220, 320, 500 என்று இறங்குங்கள். 80 மட்டும் கால் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும், மற்றவை அதைவிடக் குறைவு. ஆடி மேலே, தட்டு கீழே. ஒரு கரண்டித் தூள், கொஞ்சம் தண்ணீர், அரைக்கும் சத்தம் மங்கும்வரை தள்ளியிழுத்தல், பிறகு புதுத்தூள். தள்ளும் நீளம் விட்டத்தில் மூன்றில் ஒன்று. சில தள்ளலுக்கு ஒருமுறை ஆடியைக் கையில் கொஞ்சம் திருப்பி, ஆளும் மேசையைச் சுற்றி ஓரடி நகர வேண்டும். நகராமல் நின்ற இடத்தில் அரைத்தால் ஆடி ஒரு திசையில் கோணும். அதைப் பின்னால் திருத்துவது மகா சிரமம்.

பிழை வரும் இடங்கள்: விளிம்பில் 2 மி.மீ. சாய்வு எப்போதும் இருக்க வேண்டும், தேய்ந்தால் சாணைக்கல்லால் மறுபடி எடுங்கள். இல்லாவிட்டால் விளிம்பு சிம்புசிம்பாக உடைந்து முழு முகத்தையும் கீறும். ஒவ்வொரு தூளுக்கும் தனி வாளி, தனித் துணி. 500 அரைக்கும்போது சட்டைக் கையில் ஒட்டியிருந்த ஒரேயொரு 80 மணி விழுந்தாலும் 2 படி பின்னுக்குப் போகவேண்டும். கழுவின சேற்றை ஆய்வுகூடத் தொட்டியில் ஊற்றாதீர்கள், வளைவுக்குழாயில் சீமெந்துபோல் இறுகும். தூளை உலர்நிலையில் பறக்கவும் விடக்கூடாது.

மினுக்குவதற்குப் பிட்ச் (கீல்) தட்டும் சீரியம் ஒட்சைட்டும். இங்கேதான் கொழும்பு வெக்கை விளையாடும். குளிர் நாட்டு அளவில் கலந்த பிட்ச் நம் 30 பாகையில் இளகி, வெட்டிய கால்வாய்கள் மூடிக்கொள்ளும். கடினமான பிட்ச் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொரு நாளும் கால்வாய்களைப் புதிதாக வெட்டுங்கள். உருக்குவது மின் அடுப்பில், மெல்லிய சூட்டில். திறந்த நெருப்பு வேண்டாம்.

ஆடியின் வடிவத்தைப் பார்க்கும் கத்தி விளிம்புச் சோதனைக்கு ஆடியிலிருந்து 2.5 மீற்றர் தள்ளி ஓர் எல்.ஈ.டி., முன்னால் ஊசித்துளை, பக்கத்தில் சவர அலகு. மின்விசிறி, ஏசி இரண்டையும் நிறுத்துங்கள். கையால் பிடித்த ஆடி சூடேறிப் பொய் சொல்லும், அரை மணித்தியாலம் ஆறவிட்டே பாருங்கள்.

எல்லாம் முடிந்தாலும் பூச்சு என்ற சுவர் நிற்கும். வெற்றிடத்தில் அலுமினிய ஆவி படியவேண்டும், தடிப்பு 0.1 மைக்ரோன் அளவில். முகம்பார்க்கும் கண்ணாடிக் கடையில் பின்பக்கம் பூசுவது இதற்கு உதவாது. இரசாயன முறையில் முன்பக்கம் வெள்ளி பூசலாம், ஆனால் உப்புக்காற்றில் சீக்கிரம் கறுக்கும். ஆகவே பூச்சை எங்கே, எப்படிச் செய்விப்பது என்ற பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் கண்ணாடியை வெட்டக் கொடுக்க வேண்டும்.

அலைவரிசை:

மழை மாதங்களைக் கேட்டிருந்தீர்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. முகில் வழியே வருவது வானொலி அலை. செய்மதிப் படம் பிடியுங்கள்.

பழைய வழிகாட்டிகள் நோஆ 15, 18, 19 என்ற அமெரிக்க வானிலைச் செய்மதிகளைச் சொல்லும். அவை மூன்றும் 2025-இல் நிறுத்தப்பட்டுவிட்டன, அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ரஷ்யாவின் மெற்றியோர் எம்2 வரிசை 137 மெகாஹேர்ட்ஸ் பட்டையில் அனுப்புகிறது. கணினியில் செருகும் ஆர்.டி.எல். என்ற வானொலி அலைவாங்கி ஒன்று, அன்ரெனாவுக்கு அலுமினியக் கம்பி 53.4 செ.மீ. நீளத்தில் 2 துண்டு, இடைக்கோணம் 120 பாகை, கிடையாக, V-இன் திறப்பு வடக்கு அல்லது தெற்குப் பார்க்க. மொட்டைமாடிதான் தகுந்த இடம். எல்.ஈ.டி. விளக்குகளின் மலிவு மின்வழங்கிகள் இந்தப் பட்டையில் இரைச்சல் போடும், அவற்றை விட்டுத் தள்ளிப் பூட்டுங்கள். இடி கேட்டால் உடனே இறங்குங்கள், கம்பியையும் கழற்றுங்கள்.

கடலோரம்:

ஆங்கில V எழுத்தின் வடிவம்தானே, அண்ணா?

அலைவரிசை:

ஆம், கவராயம் விரித்தமாதிரி. ஒரு கம்பி அச்சுவடத்தின் (கோஅக்சியல் கேபிளின்) நடு இழைக்கு, மற்றது வெளிப் பின்னலுக்கு. இரண்டும் தொடக்கூடாது.

நாள்மீன்:

வானொலிக்கு வெளியே மழைக்கால வேலை இன்னொன்று சிறுகோள் தேடல். ஐ.ஏ.எஸ்.சி. என்ற சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு நடத்தும் இயக்கங்களில் மாணவர் குழுக்கள் சேரலாம். பான்-ஸ்டார்ஸ் தொலைகாட்டி எடுத்த படத்தொகுதிகள் வரும், அஸ்ட்ரோமெட்ரிக்கா என்ற விண்டோஸ் மென்பொருளில் அவற்றை மாற்றி மாற்றி ஒளிரவிட்டு நகரும் புள்ளியைத் தேடவேண்டும். எல்லாப் படத்திலும் நேர்கோட்டில், சம இடைவெளியில் நகராத புள்ளியை அறிக்கையில் சேர்க்காதீர்கள். ஆர்வக்கோளாறில் இரைச்சலையெல்லாம் சிறுகோள் என்று அனுப்பும் குழுக்கள் நிறைய.

ஏப்ரலில் நிழலில்லா நாள். கொழும்பில் ஏப்ரல் 7 அளவில், நண்பகல் 12.12 போல் சூரியன் நேர் உச்சி. செப்டெம்பர் 4, 5 அளவில் மறுபடியும். யாழ்ப்பாணத்துக்கு அது ஏப்ரல் 14, 15-இல்தான், புத்தாண்டை ஒட்டி. இதை வைத்தே பூமியை அளக்கலாம். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றோடு பேசி, ஏப்ரல் 7-இல் இரு இடத்திலும் 1 மீற்றர் தடியைத் தூக்குக்குண்டு பார்த்து நட்டு நண்பகல் நிழலை அளவுங்கள். இங்கே நிழல் இராது, அங்கே 4.8 செ.மீ. வரும். கோணம் 2.7 பாகை. வடக்குத் தெற்குத் தூரம் ஏறக்குறைய 302 கி.மீ. 360-ஐக் கோணத்தால் வகுத்துத் தூரத்தால் பெருக்கினால் 40,000-க்குக் கிட்ட வரும். சூரியன் புள்ளியல்ல, அரைப் பாகை அகலத் தட்டு. ஆகவே நிழலின் நுனி ஒரு செ.மீ. அளவுக்கு மங்கும். மங்கலின் நடுவை எடுங்கள். தடி சரிந்திருந்தால் எல்லாம் போச்சு.

அன்று யாராவது தொலைகாட்டியைச் சூரியனுக்குத் திருப்பப் பார்ப்பார்கள். குழாயின் வாயில் சூரிய வடிப்புத்தாளை இறுக்கி ஒட்டாமல் கூடாது. பார்வைத்துண்டில் திருகும் கறுப்புக் கண்ணாடி கூடவே கூடாது, சூட்டில் வெடிக்கும். தேடுகுழாயைக் கழற்றியே வையுங்கள்.

வெறுங்கண்ணுக்கு: பஞ்சாங்கத்து நட்சத்திரங்களை வானத்தில் காட்டுங்கள். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, மகம், சித்திரை, சுவாதி, கேட்டை எல்லாம் நகர வெளிச்சத்திலும் பிடிபடும். தன் நட்சத்திரத்தை வானத்தில் கண்ட பிள்ளை அடுத்த கூட்டத்துக்கும் வரும். பெப்ரவரியில் தெற்கே 30 பாகை உயரத்தில் அகத்தியர் என்ற விண்மீன் (கனோபஸ்) நிற்பார். பச்சை லேசரால் சுட்டுவதாக இருந்தால் ஒரு பொறுப்பாசிரியர் கையில் மட்டும். இரத்மலானை விமானநிலையம் பக்கத்தில் இருக்கிறது.

ஒக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம். அப்போது வானம் கைகொடுக்காது, கண்காட்சியும் வினாவிடையும் வைத்துக்கொள்ளுங்கள். 1965-இல் திறந்த கொழும்புக் கோள்மண்டலத்துக்கும், கட்டுபெத்தையில் ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்துக்கும் போகலாம். நிறுவனத்தில் 1996-இல் ஜப்பான் கொடுத்த 45 செ.மீ. தொலைகாட்டி இருக்கிறது. அதிபரின் கடிதத்தோடு நேரத்துக்கே எழுதி நாள் கேளுங்கள்.

தண்ணிரொக்கெற்:

சின்னப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ரொக்கெற்: 1.5 லீற்றர் சோடாப் போத்தல், மூன்றிலொரு பங்கு தண்ணீர், 4 பார் அழுத்தம், 5-ஐத் தாண்டாதீர்கள். செட்டைகளை நாடாவால் ஒட்டுங்கள், சுப்பர் குளூ போத்தலை நொறுங்கப் பண்ணும். உப்புத்தாளால் தேய்ப்பதும் ஆகாது. வெளிவிடும் கயிறு 5 மீற்றராவது. 45 பாகையில் சரித்தால் மதில் தாண்டிப் பக்கத்து வீட்டு ஓட்டில் விழும், 80-இல் நிறுத்துங்கள்.

பூஞ்சணம்:

ஆடி வாங்குவதுபற்றி இவ்வளவு பேச்சு, வைப்பதுபற்றி ஒருவரும் வாய்திறக்கவில்லை. பனி படிந்த ஆடியை மூடியைப் போட்டு அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம், உப்புப் புள்ளி இரண்டும் வரும். நிகழ்ச்சி முடிந்ததும் அறைக்குள் வாய் கீழ்ப்பக்கமாக ஒரு மணித்தியாலம் திறந்து வையுங்கள். காய்ந்த பிறகே மூடி. மூடியின் உட்பக்கம் 200 கிராம் செம்மஞ்சள் சிலிக்கா ஜெல், துணிப்பையில். நிறம் மாறினால் 120 பாகை அடுப்பில் 2 மணித்தியாலம். பார்வைத்துண்டுகளுக்கு இறப்பர் விளிம்புள்ள சாப்பாட்டுப் பெட்டி.

தூசிக்காக ஆடியைத் துடைக்காதீர்கள். கொஞ்சத் தூசி படத்தைக் கெடுக்காது, துடைத்த கீறல் கெடுக்கும். வருடத்துக்கொரு முறை கழுவினால் தாராளம்: ஓடும் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், பஞ்சை அழுத்தாமல் அதன் எடையிலேயே இழுத்தல், கடைசியில் வடித்த நீர். பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் போதும், போத்தலில் அசிற் என்று எழுதியிருக்கிறதா என்று 2 முறை பாருங்கள்.

கடலோரம்:

114/900 என்று முடிவாயிற்று. வெட்டும் திட்டம் இது, பிழை இருந்தால் சொல்லுங்கள். 160 மி.மீ. குழாய், உள்விட்டம் 150. உள்ஆரை 75, சுவர் 5, குவியப்படுத்தியின் உயரம் 60, மேலதிகம் 15, மொத்தம் 155. 900-இலிருந்து 155 போக 745. ஆடியின் முகத்திலிருந்து 745-இல் துளை. குழாய் 1000. துணையாடியின் சிற்றச்சு (குறுகிய விட்டம்) 28–30 மி.மீ. ஆடியை 3 சிலிக்கோன் பொட்டில் ஒட்டுவோம். குவியப்படுத்தியை முப்பரிமாண அச்சில் எடுப்போம். நாளை வெட்டலாமா?

மொறட்டுவைத் தச்சு:

சிலிக்கோன் புளிச்ச வினாகிரி மணம் அடிக்கிறதை வாங்காதேங்கோ, அந்த ஆவி அலுமினியப் பூச்சுக்குக் கூடாது. மணமில்லாத வகை. பொட்டுகள் மையத்தில இருந்து 25 மி.மீ. தூரத்தில, 120 பாகைக்கு ஒண்டு. ஒட்டேக்க நெருப்புக்குச்சி 3 ஐ இடையில வைச்சு, இறுகினபிறகு உருவுங்கோ, 2 மி.மீ. இடைவெளி நிக்கும். பாதுகாப்புக்கு வைக்கிற கவ்விகள் ஆடியைத் தொடக்கூடாது. ஒரு கடுதாசி நுழையிற இடம் வேணும். நெரிச்சால் விண்மீன் முக்கோணமாத் தெரியும்.

அச்சுக்கு பீ.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம், வெயிலில நிண்ட வாகனத்துக்குள்ள வளைஞ்சுபோகும். பெட்-ஜி எடுங்கோ. உள்ளுக்கு அடிக்கக் கரும்பலகைப் பெயின்ற், பாடசாலைக் களஞ்சியத்திலயே இருக்கும்.

குழிவாடி:

கணக்குச் சரி. துணையாடியும் சரி. ஆனால் நாளை துளை போடாதீர்கள். பெட்டியில் 900 என்று எழுதிய ஆடி 885 ஆகவும் இருக்கும், 915 ஆகவும் இருக்கும். உங்கள் மேலதிகம் 15 மட்டுமே. நீளம் குறைந்தால் குவியம் குழாய்க்குள்ளேயே விழுந்து, பார்வைத்துண்டை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் படம் தெளியாது.

முதலில் ஆடியை அளவுங்கள். இருட்டறையில் ஆடியை நிறுத்தி, 1.8 மீற்றர் தள்ளி ஊசித்துளையிட்ட அட்டைக்குப் பின்னால் டோர்ச். ஆடியைச் சற்றே திருப்பி, ஊசித்துளைக்குப் பக்கத்திலேயே அதே அட்டையில் விம்பம் விழச் செய்யுங்கள். அட்டையை முன்பின் நகர்த்தி விம்பம் மிகக் கூர்மையாகும் இடத்தில் ஆடியின் மையம்வரை நாடாவால் அளந்து 2 ஆல் வகுத்தால் குவியத்தூரம். 5 தடவை அளந்து சராசரி எடுங்கள். அளவில் 5 மி.மீ. பிழைத்தாலும் குவியத்தூரத்தில் 2.5-தான் பிழைக்கும். சூரியனைக் கொண்டு அளக்க வேண்டாம், 114 மி.மீ. ஆடி துணியைப் பற்றவைக்கும்.

குழாயை 1050 ஆக வெட்டுங்கள், மேலதிக 50 ஆடியின் பக்கம். ஆடித்தாங்கியின் போல்ட் துளைகளைக் குழாயில் 40 மி.மீ. நீளப் பிளவாக எடுத்தால் தாங்கியை முன்பின் தள்ளலாம். அளந்த எண்ணை இங்கே போடுங்கள், துளையின் இடத்தைச் சேர்ந்து குறிப்போம். அதுவரை கரும்பலகைப் பெயின்ற்றையும் திறக்க வேண்டாம். துளை போட்ட பிறகுதான் பூச்சு, இல்லாவிட்டால் துளைகருவியின் தூள் ஈரப் பெயின்ற்றில் ஒட்டி, பிறகு ஒவ்வொன்றாக ஆடியில் உதிரும்.

கடலோரம்:

சரி அண்ணா. ஊசித்துளை அட்டை வெட்டியாயிற்று. திங்கள் இடைவேளைக்குப் பிறகு ஆய்வுகூடம் கிடைக்கிறது, 5 அளவையும் போடுகிறேன்.